சந்தனம் வைத்த ஹார்டு டிஸ்க்

பூஜை லீவு முடிந்து ஆபீஸ் திறந்த அன்று காலை, கடலூரிலிருந்து போன் வந்தது. நாங்கள் ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்திருந்த ஒரு ஸ்கேன் சென்டரின் மேனேஜர் பாபு பேசினார்.

"மேடம், பழைய ஸ்கேன் எதையும் காணோம். ஒரு மாசத்துக்கு முன்னாடி எடுத்தது ஒண்ணுகூட இல்ல. இன்னா பண்ணுனீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்றேன். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். போன் வந்தால் முதலில் வாயில் வருவது இதுதான். புதிதாக வருகிற பிள்ளைகளும் வேலை கற்பதற்கு முன்பே இதைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

1. கால் முளைத்தது

எங்கள் கம்பெனி சிதம்பரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருக்கிறது. மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவர் எம்.டி.

பாபுவுக்கு நான் எழுதிய ப்ரோக்ராம் சின்னது. தினமும் மதியம் புதுப் படங்களை வெளியே சொருகிய ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுக்கும். டிஸ்க்கை வாங்கியவர் எம்.டி. என்பதால் அதுவும் சின்னது. ஆகவே நகல் எடுத்த கையோடு டிஸ்க்குக்குள் போய், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட நகல்களை அழித்துவிடும். அசல் எல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கும்.

'டிஸ்க்குக்குள் போ' என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் சொல்ல ஒரு 'கால்', அதாவது ஒரு அழைப்பு, உண்டு. போக முடிந்தால் பூஜ்யம் கொடுக்கும், முடியாவிட்டால் மைனஸ் ஒன்று கொடுக்கும். அதைப் பார்ப்பது நம் வேலை. பார்க்காவிட்டால் சிஸ்டம் கோபித்துக்கொள்ளாது. ப்ரோக்ராம் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு அடுத்த வரியைச் செய்யும்.

இப்படிப்பட்ட ஒவ்வொரு காலுக்கும் ஒரு ராப்பர் எழுத எம்.டி.யிடம் இரண்டு நாள் கேட்டேன். ராப்பர் பெரிய வித்தை இல்லை. சிஸ்டத்தை நேராக அழைக்காமல் நம்முடைய ஒரு ஃபங்ஷன் வழியாக அழைப்பது. தோற்றால் அது சத்தம் போட்டு ப்ரோக்ராமை நிறுத்திவிடும்.

"டிஸ்க்கு எங்க மேடம் போயிடப் போவுது? கால் மொளச்சு நடந்தா போவும்? உங்களுக்கு பயம் ஜாஸ்தி. டெலிவரி குடுங்க" என்றார்.

கொடுத்தேன். பழியை அவர் தலையில் கட்டி எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த ஒரு இடத்தில் 'முடியாவிட்டால் நில்' என்று ஒரு if போட யாருடைய அனுமதியும் வேண்டாம். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நானேதான் விட்டேன்.

2. பொரிக்கு நடுவில்

கடலூருக்குப் போய்ப் பார்த்தால் டிஸ்க்கைக் காணோம். ரிசப்ஷனில் சாமி படத்துக்கு முன்னால், கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், பி.பி. பார்க்கும் கருவி வரிசையில் உட்கார்ந்திருந்தது. மேலே சந்தனம், குங்குமம், ஒரு கைப்பிடி பொரி.

"கம்ப்யூட்டர தூக்கிட்டு வர முடியுமா மேடம்? கழட்ட முடிஞ்சத கழட்டி ஆயுத பூஜைக்கு வச்சோம். எமர்ஜென்சி கேஸ் வரும்னு கம்ப்யூட்டர மட்டும் ஆஃப் பண்ணல" என்றார் பாபு.

பூஜையன்று மதியம் என் ப்ரோக்ராம் தவறாமல் எழுந்திருக்கிறது. நகல் எடுக்கவும் டிஸ்க்குக்குள் போகவும் பார்த்தது, இரண்டும் முடியவில்லை. அசல் படங்கள் இருந்த ஃபோல்டரிலேயே நின்றுகொண்டு, ஒரு மாதத்துக்கு மேற்பட்டதையெல்லாம் துடைத்துவிட்டது. டிஸ்க்கில் இருந்ததோ ஒரு மாத நகல்தான். அழித்ததை மீட்கப் பார்த்தேன். லீவு நாட்களில் எடுத்த புதுப் படங்கள் அதன்மேல் எழுதப்பட்டிருந்தன.

எம்.டி. போனிலேயே தீர்ப்பு சொன்னார். "சாமி காரியம், நாம இன்னா சொல்ல முடியும்னு சொல்லிட்டு வந்துடுங்க."

3. ஜமீலா கேட்டது

அங்கே பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஜமீலா என்ற பெண் கணவரின் பழைய ஸ்கேனுக்காகக் காத்திருந்தார்.

"மச்சானுக்கு லீவு இன்னும் பத்து நாள்தாம்மா. அது முடிஞ்சதும் துபாய் போவணும். ஈரல்ல ஒரு புள்ளி இருக்கு. போன வருஷத்தவிட வளரலன்னா போலாம்னு டாக்டர் சொல்றாரு. எங்ககிட்ட இருந்த படம் மழைல நனஞ்சு ஒட்டிக்கிச்சு. உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்ல?"

இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். தெரிந்த வார்த்தைகளில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உள்ள போவ முடியலன்னா அது சொல்லாதா?" என்றார்.

"சொல்லுச்சு."

"நீங்க கேக்கலியா?"

"கேக்கல" என்றேன். அவமானமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். துபாய் கம்பெனி மூன்று மாதம் காத்திருக்கவில்லை. வேலை போனது.

4. தொடமாட்டேன்

அதற்குப் பிறகு யாரையும் கேட்காமல் உட்கார்ந்து எல்லா காலுக்கும் ராப்பர் எழுதினேன். தோண்டத் தோண்ட என் லட்சணம் வெளியே வந்தது. துணைக்கு ஓட ஒரு குட்டி ப்ரோக்ராமை, எங்கள் பாஷையில் ப்ராசஸை, பெற்று, வேலை முடிந்ததும் கொல்லும் இடம் ஒன்று. பிறந்தால் அதன் எண் கிடைக்கும்; பிறக்காவிட்டால் கிடைப்பது அதே மைனஸ் ஒன்றுதான். அந்த எண்ணைக் கொடுத்துக் கொல்லச் சொன்னால், சிஸ்டம் கைக்கு எட்டிய ப்ராசஸ் அத்தனையையும் கொல்லும். அது நடக்காதது என் திறமையால் அல்ல.

மூன்று மாதம் கழித்து ஜமீலா போன் செய்தார். "புள்ளி வளரவே இல்லியாம்மா. ஒண்ணும் இல்லியாம்" என்றார், சந்தோஷமாக. அப்படியென்றால் அவர் கணவர் அன்றைக்கே விமானம் ஏறியிருக்கலாம். அதை ஜமீலா சொல்லவில்லை.

பாடம் என்று கேட்டால் இவ்வளவுதான்: சிஸ்டம் எப்போதும் பதில் சொல்கிறது, நின்று கேளுங்கள்.

அடுத்த ஆயுத பூஜையன்று பாபு கூப்பிட்டார். "மேடம், ப்ரோக்ராம் வேலை செய்யல. 'டிஸ்க் இல்லை, எதையும் தொடமாட்டேன்'னு நிக்குது."

"டிஸ்க் எங்க?"

"சாமிகிட்டதான்."

பின்னாலேயே எம்.டி. கூப்பிட்டார். "கஸ்டமர்கிட்ட மானம் போவுது மேடம். இன்னிக்கு ஒரு நாளைக்கு, டிஸ்க் இருக்கான்னு பாக்குற அந்த செக்க எடுத்துடுங்க."

"எடுத்துடறேன் சார். பரங்கிப்பேட்ட போயி ஜமீலாகிட்ட 'எடுக்கலாம்'னு ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க" என்றேன்.

அவர் போகவில்லை.