ஈரச் சாக்கு

என்னைப் பார்த்துக் காறித் துப்பியவர்களில் அவள் ஒருத்திதான் சரியான காரணத்துக்காகத் துப்பினாள்.

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டுக் கட்டட வேலைக்கு நான் மேஸ்திரி. ஆட்களுக்குத் தண்ணீர் கொடுப்பவள் அவள். ஐம்பது வயதிருக்கும், ஒடிசலான உடம்பு, வெயிலில் சுருங்கிய கண்கள். தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொருவர் பிடரியையும் தொட்டுப் பார்ப்பாள். ஆட்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

சித்திரை மாதத்து உச்சிவேளையில் கொத்தன் ஒருவன் ஏதேதோ உளறியபடி சாரத்தடியில் விழுந்தான். "முனி அடிச்சிருச்சு" என்று வேப்பிலை ஒடித்துவர ஆள் அனுப்பினேன், அறிவுகெட்டவன் நான். அவள் ஓடிவந்து அவன் பிடரியைத் தொட்டாள்.

"முனியாவது பேயாவது! உடம்பு கொதிக்குது, பொட்டு வேர்வை இல்ல. வெயிலு அடிச்சிருக்கு. நிழலுக்குத் தூக்குங்க!"

ஒருவன் கொத்தன் வாயில் தண்ணீர் ஊற்றப் போனான். "நெனவில்லாதவனுக்கு ஊத்தாத, புரையேறிச் செத்துருவான்" என்று கையைத் தட்டிவிட்டாள். புதுப் பூச்சு வெடிக்காமலிருக்கச் சுவரில் தொங்கவிட்டிருந்த ஈரச் சாக்குகளை இழுத்து அவன்மேல் போர்த்தினாள். குடத்துத் தண்ணீரை அவன்மேல் கவிழ்த்து, முறத்தால் விசிறினாள்.

"ஐயோ, பூச்சு!" என்று கத்தினேன்.

அவள் திரும்பினாள். "சுவரு காயக் கூடாதுன்னு ஒரு நாளைக்கு நாலு தடவ நனைக்கிறீக. மனுசன் காஞ்சு விழுந்தா முனிங்கிறீக. த்தூ!"

அவன் பிழைத்தான். மறுநாள் பூச்சில் மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. வீட்டுக்காரர் பர்மாவில் இருந்தார். அவளை வேலையைவிட்டு நிறுத்தச் சொல்ல இங்கே யாருமில்லை. நானாகவே நிறுத்தினேன்.

அவள் பெயரை நான் கேட்டதில்லை. விரிசல் எந்தச் சுவரில் என்று மட்டும் இன்றும் சொல்வேன்.