முகத்தை விட்டுப் போன கண்

"பழைய பனியன் பிரிண்ட் மாதிரி இருக்கோணுங்க. கலரு கோட்டை விட்டு வெளிய போயிருக்கோணும். இப்ப அதுக்குத்தானுங்க மவுசு" என்றார் பனியன் கம்பெனி முதலாளி. குழந்தைகள் பனியனுக்கு அனிமேஷன் விளம்பரம். வேறு பாணிகளிலும் வரைந்து வைத்திருந்தேன். அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மானிட்டரில் இருந்த மானின் கண்ணை முகத்துக்கு வெளியே நகர்த்தினேன். எங்கிருந்தோ பிரிண்டிங் மையின் வாடை மூக்கில் ஏறியது.

சின்ன வயதில் மங்கலம் ரோட்டில் நாங்கள் இருந்த லைன் வீட்டு ஜன்னலில் தொங்கிய துணிக்கு அந்த வாடைதான். அச்சடிக்கும் பிரேம் விலகிப் பாழானதென்று அப்பா வேலை பார்த்த பிரிண்டிங் பட்டறையில் கழித்துப் போட்டது. அதில் இருந்த எல்லா மானுக்கும் கண் முகத்துக்கு வெளியே. அம்மா கம்பெனிக்குப் போகும்போது என்னையும் தங்கச்சியையும் உள்ளே வைத்துப் பூட்டுவாள். பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "ஊரு மாதிரி இங்க யாரு இருக்கா உங்களப் பாத்துக்க? சத்தம் போடாம கெடங்க" என்று வெளியிலிருந்தே சொல்லிவிட்டுப் போவாள். அவள் வரும்வரை அந்த மான்கள்தான் எங்களுக்கு.

ஒருநாள் தங்கச்சி துணியைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அதுக்குக் கண்ணு மட்டும் எப்டிக்கா வெளிய போச்சு?"

"அருமைங்க! இனி நம்ம விளம்பரம் பூராவும் இப்படியே பண்ணிருங்க" என்ற முதலாளி, கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

எழுந்து போய்க் கதவை இழுத்துப் பார்த்தேன். திறந்தது. மறுபடி சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.