அப்படி யாரும் இங்கே இல்லை

போலீஸ் ஸ்டேஷனை விட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டிருந்தோம். அம்மா முன்னால் நடந்தாள், நான் பின்னால். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இறங்கி உப்புப் பாத்திகளுக்கு நடுவே போகும் வரப்பில் ஏறியதும் வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் அடித்தது. சித்திரையில் அந்த வரப்பில் போகிறவர்கள் கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டுதான் போவார்கள். அம்மா அகலத் திறந்து வைத்துக்கொண்டு போனாள். கோபம் வந்தால் அவளுக்கு வெயில் தெரியாது.

ஸ்டேஷனில் ரைட்டர் ஒரு தாளைப் புரட்டிப் பார்த்தார். பாஸ்போர்ட்டுக்காக ஏட்டு நேரில் வந்து விசாரித்தாராம். அந்தப் பெயரில் அங்கே யாரும் குடியில்லை என்று ஊரே சொல்லிவிட்டதாம். ரிப்போர்ட் அப்படியே மேலே போய்விட்டதாம். இதையெல்லாம் அவர் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். நான்தான் சார் அது, என்றாள் அம்மா. இருக்கலாம்மா, ஆனால் நீங்கள் அந்த விலாசத்தில் இல்லையே என்றார் அவர்.

அம்மா மன்னாரில் பிறந்தவள். இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடிய காலத்தில், முறையான பாஸ்போர்ட்டோடு சித்தப்பா ஒருவருடன் வந்த சின்னப் பெண். அந்தப் பக்கம் சண்டை மூண்டது, கப்பல் நின்றது, பாஸ்போர்ட் காலாவதியானது. அப்பா ஒருமுறை வேதாரண்யம் பக்கம் உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போனார். உப்பு அள்ளப் போனவன் பெண்டாட்டியை அள்ளிக்கொண்டு வந்தான் என்று அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, சொல்லிச் சிரிப்பாள். எங்கள் மரக்காணத்து உப்பளத்தில் அம்மாவுக்குப் பெயரே கிடையாது. சிலோன்காரி, அவ்வளவுதான். அனுமதித் தாளை வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டே, குடியுரிமைக்கும் மனு போட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் மனு போட்டுக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில் கலெக்டர் ஆபீசில் கூப்பிட்டு, உறுதிமொழி வாங்கிக்கொண்டு, சான்றிதழைக் கொடுத்தார்கள். விழுப்புரத்திலிருந்து வீடு வரைக்கும் பஸ்ஸில் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள். டிக்கெட் எடுக்கக்கூட ஒரு கையை எடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் காகிதம் நிலைக்காது. உப்புக் காற்று ரேஷன் கார்டை நனைந்த அப்பளம் மாதிரி ஆக்கிவிடும். குண்டூசி குத்தி வைத்தால் துரு தாளைத் தின்றுவிடும். அதனால் எல்லோரும் எதற்கெடுத்தாலும் லேமினேஷன் போட்டுவிடுவார்கள். அத்தை தன் கல்யாணப் பத்திரிகைக்கே போட்டு வைத்திருந்தாள். அம்மா மட்டும் மறுத்துவிட்டாள். முத்திரை கையில் படும்படி இருந்தால்தான் ஆபீசில் நம்புவார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். பிஸ்கட் டப்பா ஒன்றில் வறுத்த அரிசியைப் பரப்பி, மேலே துணி போட்டு, அதற்கு மேல் சான்றிதழை வைத்தாள். மூடியைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினாள். அமாவாசைக்கு அமாவாசை மெழுகைச் சுரண்டித் திறந்து அரிசியை மாற்றுவாள். அரிசி ஈரத்தைக் குடித்துவிடும்.

கடல் எழுந்து உள்ளே வந்த அன்று அவள் ஒரு கையில் அந்த டப்பாவையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு ஓடினாள். முதலில் எதை எடுத்தாள் என்பதில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் சண்டை உண்டு. ஊரில் பாதிப் பேரின் காகிதங்கள் போயின. அவர்களுக்கு அரசாங்கம் முகாம் போட்டுப் புதிதாகக் கொடுத்தது. அம்மாவுடையது போயிருந்தால் எந்த முகாமிலும் கிடைத்திருக்காது.

ஸ்டேஷனுக்குப் போனது அதற்கு அடுத்த கோடை. மன்னார் பக்கம் சண்டை நின்றிருந்தது. அம்மா விட்டுவிட்டு வந்தபோது தவழ்ந்துகொண்டிருந்த தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று குவைத்திலிருந்த மாமா சொல்லிவிட்டார். பாஸ்போர்ட் ஒன்றுதான் பாக்கி.

அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் யாராவது வந்து ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால், அதிலும் அவன் காலில் பூட்ஸ் இருந்தால், அப்படி யாரும் இங்கே இல்லை என்றுதான் பதில் வரும். கோர்ட் சம்மனோ, அடிதடி கேசோ, சிலோன்காரர்களைக் கணக்கெடுக்க வந்தவர்களோ, எல்லோருக்கும் அதே பதில். யோசித்துச் சொல்வதில்லை. தும்மினால் நூறு என்பது போல வாயிலிருந்து தானாக வந்துவிடும். அம்மாவையே பல வருஷம் அந்த ஒரு வாக்கியம்தான் காப்பாற்றியிருந்தது. அவளும் மற்றவர்களுக்காக அதைச் சொல்லியிருக்கிறாள்.

வரப்பின் முனையில் அத்தை அன்னக்கூடையோடு நின்றிருந்தாள். அவளும் அம்மாவும் ஜோடி. ஒருத்தி தூக்கிவிட்டால்தான் இன்னொருத்தி தலையில் உப்பு ஏறும். யார் என்னை இல்லை என்று சொன்னது, என்று அம்மா கேட்டாள்.

அத்தை கூடையைக் கீழே வைத்தாள். "மப்டில ஒருத்தன் வந்தான்டி. மேல சட்டைதான் நம்ம சட்டை, கீழ போலீஸ் பூட்ஸு. எதுக்குன்னும் சொல்லல. கேட்டான், வாயில வந்துடுச்சி. நான் மட்டுமா, எல்லாருந்தான் சொன்னாங்க."

எல்லோருமா என்று கேட்டுவிட்டு அம்மா பாத்திக்குள் பார்த்தாள். அப்பா பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

நானுந்தான் சொன்னேன் என்றார்.

அம்மா எங்களைப் போலவே பேசுவாள். கோபம் முற்றினால் மட்டும் மன்னார் வந்துவிடும்.

"கட்டின பெஞ்சாதியை இல்லையெண்டு சொல்லிப்போட்டு, இஞ்ச நிண்டு உப்பு வாருறீங்களோ?"

வரப்பு முழுக்கச் சிரிப்பு. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பழக்கதோஷம் என்றார். அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, தூக்கிவிடுங்க அண்ணி, என்றாள்.

மறுநாள் காலையில் பாத்தியில் ஒருவரும் இறங்கவில்லை. யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. கால் கழுவி, தலை சீவி, அத்தை கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு, எல்லோரும் வரப்பில் வரிசையாக நடந்தோம். ஒரு நாள் கூலி போனது.

ஸ்டேஷன் வாசலில் இத்தனை பேரைப் பார்த்ததும் எஸ்.ஐ. எழுந்தே வந்துவிட்டார். ஏதோ மறியல் என்று நினைத்திருக்க வேண்டும். விஷயம் தெரிந்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க ஆளு வந்து கேட்டப்ப ஒருத்தர் கூட இல்லன்னீங்க. இன்னைக்கு ஊரே இருக்குதுன்றீங்க. எதைம்மா எழுதறது?"

"அன்னைக்கு நீங்க எங்க ஊருக்கு வந்தீங்க சார்," என்றாள் அத்தை. "இன்னைக்கு நாங்க உங்க ஊருக்கு வந்திருக்கோம். வந்த எடத்துல பொய் சொல்லலாமா?"

எஸ்.ஐ.க்குச் சிரிப்பு வந்துவிட்டது. விசாரிக்க வந்த ஏட்டு பக்கத்தில்தான் நின்றார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவர்களை விடுங்கள், இந்தம்மா வீட்டுக்காரரிடம் பாஸ்போர்ட் என்கொயரி என்று சொல்லித்தானே கேட்டேன், அவரே இல்லை என்றாரே என்று முறையிட்டார். அப்பா வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. மடியிலிருந்த டப்பாவை மேஜையில் வைத்து, சாவியால் மெழுகைச் சுரண்டினாள்.

ஸ்டேஷன் முழுக்க வறுத்த அரிசி வாசம். எஸ்.ஐ. சான்றிதழைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், முத்திரையை விரலால் தடவினார். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னார். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இந்தியக் குடிமகளாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறார். அம்மாவின் முழுப்பெயரைப் பாதிப் பேர் அன்றுதான் நிதானமாகக் கேட்டார்கள்.

"எங்கிட்ட இப்படி ஒண்ணு இல்லையே சார்," என்றாள் அத்தை.

யோசித்துப் பார்த்தால் அங்கே ஒருவரிடமும் இல்லை. அந்தக் கூட்டத்தில் இந்தியக் குடிமகள் என்று எழுத்தில் இருந்தவள் சிலோன்காரி ஒருத்திதான். அம்மாவை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை உள்ளே தள்ளிவிடட்டுமா என்று எஸ்.ஐ. கேட்டார். அப்போது எல்லோரும் சிரித்தார்கள், ஏட்டு உட்பட. மறுவிசாரணை என்று எழுதி, அத்தையிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

பாஸ்போர்ட் வந்தபோது அம்மா கணுக்கால் அளவு உப்புநீரில் நின்றாள். தபால்காரர் வீட்டில் கொடுக்க மாட்டேன், ஆள் கையில்தான் கொடுப்பேன் என்று வரப்பின் மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மா கையை நீட்டினாள், உடனே இழுத்துக்கொண்டாள். கை முழுக்க உப்பு. குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரை அத்தை ஊற்றினாள். முழங்கை வரை கழுவி, என் சட்டையில் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் வாங்கினாள். எல்லோரும் ஓடி வந்து சூழ்ந்தார்கள். யாரும் சொல்லாமலே எல்லோரும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். கருநீல அட்டை, தங்கச் சிங்கம், உள்ளே அம்மாவின் படம். கை கட்டியபடியே குனிந்து குனிந்து பார்த்தார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் அவ்வளவு ஒழுங்கான வரிசையைப் பார்த்ததில்லை. உப்பு படாத அந்தப் புத்தகம், இரண்டு மாதம் மன்னாரில் இருந்துவிட்டு அவளோடு திரும்பி வந்த பிறகும், அரிசி டப்பாவில்தான் இருந்தது.

புறப்படும் அன்று அம்மா டப்பாவை அப்பாவிடம் கொடுத்தாள். பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன், சான்றிதழ் உங்களிடமே இருக்கட்டும் என்றாள். அமாவாசைக்கு அரிசி மாற்றச் சொன்னாள். வழியில் தொலைந்துவிடும் என்று பயப்படுகிறாள் என்று நான் நினைத்தேன். அப்பா அதை வாங்கிய விதம் வேடிக்கையாக இருந்தது. விழுப்புரத்து பஸ்ஸில் அம்மா பிடித்திருந்தது போல, இரண்டு கையால்.

அளத்தில் இடம் காலியானால் வேறு ஆள் வந்துவிடும், அத்தைக்கும் ஜோடி போய்விடும். மறுநாள் விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக நான் வரப்புக்குப் போனேன். அம்மாவின் சும்மாட்டை அத்தை என் தலையில் வைத்தாள். ஈர உப்பின் கனத்தில் கழுத்து உள்ளே போய்விட்டது போலிருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ சுமந்திருக்கிறேன். முதல் வேலை அதுதான்.

வரப்பில் திரும்பும்போது பார்த்தேன். அப்பாவின் துண்டுக்கு அடியில் பாதி வெளியே தெரிய பிஸ்கட் டப்பா இருந்தது. காகிதத்தை யாரும் கொண்டுவராத இடத்துக்கு, நேராக உப்புக் காற்றுக்கே, அதை எடுத்து வந்து, வாருகிற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்.

வீணாகிவிடும் என்று கத்தினேன்.

"இருக்கட்டும்டா, பக்கத்துலயே இருக்கட்டும்," என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அத்தையும் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு கையால் என் கூடையைத் தாங்கிப் பிடித்தாள்.

"நீ முன்னால பார்த்து நட," என்றாள்.