தவக்கால ரோஜாவின் தழை

பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். நாலு பேர் கூடினால் பின்னால் போய் நிற்பவன். எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். சின்னமனூரில் என் வீட்டுச் சுவரில் மஞ்சள் ரப்பர் கையுறை ஒரு ஜோடி தொங்குகிறது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது பார்க்கலாம் என்று தோன்றியது.

மேகமலையில் ஓர் எஸ்டேட் பங்களாவில் அப்போது தோட்டக்காரனாக இருந்தேன். கையுறையைக் கொடுத்தவர் மேனேஜரின் மனைவி. அம்மா என்றுதான் கூப்பிடுவோம். வெளிநாட்டிலிருந்த அவருடைய தங்கை ஒரு கடித உறைக்குள் கறுப்பு விதைகள் அனுப்பியிருந்தார். தவக்கால ரோஜா என்றார் அம்மா. ஆனால் ரோஜா இனமே இல்லையாம். துருக்கியிலும் அதற்கு அப்பால் பனி விழும் மலைகளிலும் மரநிழலில் தானாக வளரும் காட்டுச் செடி. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், குளிர் விடும் முன்பே, தலையைக் கவிழ்த்துக்கொண்டு பூக்கும். அதனால் அந்தப் பெயர். சில்வர் ஓக் மரங்களின் நிழலில், தண்ணீர் தேங்காத சரிவில், மக்கிய இலை கலந்து விதைத்தோம். ஒரு வருடம் மண் சும்மா கிடந்தது. நான் கிளறிப் பார்க்கப் போனபோது அம்மா தடுத்தார். "விடுங்க தம்பி. அது குளிருக்காக உள்ள காத்துக்கிட்டு கிடக்கு."

முளைத்து வந்தவை விரல் விரலாகப் பிரிந்த, தடித்த, கரும்பச்சை இலைகள். காட்டுமாடுகள் வேலியைத் தாண்டி வந்து பீன்ஸை மேய்ந்துவிட்டு, இவற்றை மட்டும் முகர்ந்து விலகிப் போயின. எனக்கு அது பெருமையாக இருந்தது. பயப்பட்டிருக்க வேண்டிய இடம் அது.

"வேர், இலை, விதை எல்லாமே விஷம்" என்று சொல்லித்தான் அம்மா கையுறையைக் கொடுத்தார். "வெட்டுற தழையை உடனே புதைச்சிடுங்க. மாட்டுக்கு மட்டும் போயிடக் கூடாது." நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மாடு என்றால் பால்காரக்காவின் செவலைப் பசுதான். எஸ்டேட் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளுக்கெல்லாம் அதன் பால்தான். புருஷனை இழந்த அக்காவுக்கு வேறு பிழைப்பும் இல்லை. தோட்டத்தில் கழிக்கிற தழையை நான் சாக்கில் கட்டி வேலியோரம் வைப்பதும் அவர் தூக்கிப் போவதும் எங்கள் வழக்கம். "ஏலே, பூக்காத ரோசாவுக்கு நாலு வருசமா காவல் கெடக்க. ஒரு பொண்ணுக்குக் காவல் கெடந்திருந்தா இந்நேரம் ரெண்டு பிள்ள இருக்கும்" என்று சிரிப்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அது விஷம் என்று ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை.

நாலாவது தை மாதத்தில் மண்ணை ஒட்டி மொட்டுகள் தெரிந்தன. பூவை மறைக்காமலிருக்கப் பழைய இலைகளை வெட்டிவிட வேண்டும். வெட்டிச் சாக்கில் திணித்து வேலியோரம் போட்டுவிட்டு, குழி தோண்ட மண்வெட்டி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் அக்கா சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். வாசலில் மேனேஜரும் விருந்தாளிகளும் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் சத்தம் போட எனக்கு வாய் வரவில்லை. காட்டுமாடே தின்னாததை அக்காவின் பசு தின்னுமா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்குள் பெட்டிகளைத் தூக்கக் கூப்பிட்டார்கள்.

சாயங்காலம் கொட்டிலுக்குப் போனேன். பசு வாயில் நுரை வழிய, தலையைத் தொங்கப்போட்டு நின்றது. "மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிருச்சுடா" என்றார் அக்கா. "வாய் கசக்குது போலன்னு பொடிசா நறுக்கி, தவிடும் உப்பும் போட்டுப் பெசஞ்சு குடுத்தேன். அப்பறம் நல்லாத்தான் தின்னுச்சு. ஆத்தா, ஒனக்கு என்னடி செய்யுது?"

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். மாட்டு டாக்டரைக் கூட்டிவர ஜீப்பைக் கீழே அனுப்பிவிட்டு, அவரே கொட்டிலுக்கு வந்தார். "என் செடிதான். நான்தான் உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்" என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நீங்க என்னம்மா செய்வீக. மோந்துட்டு விட்டத நாந்தான ஊட்டுனேன்" என்றார் அக்கா. இரண்டு பேருக்கும் நடுவில் நான் கையுறையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்று எனக்குச் சொந்தமாக ஒரு சின்ன நர்சரி இருக்கிறது. அரளிக் கன்று வாங்க வருகிறவர்களிடம், வீட்டில் ஆடு மாடு உண்டா என்று நானாகவே கேட்டுவிடுவேன். என்னிடம் தானாக வரும் பேச்சு அது ஒன்றுதான். தவக்கால ரோஜா பூத்து நான் பார்த்ததில்லை.

அன்று ராத்திரி மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். மறுநாள் காலையில் பசு செத்துப்போனது. அம்மா அத்தனை செடிகளையும் மொட்டோடு பிடுங்கிக் குழியில் போட்டு மூடினார். வெறும் கையால்தான் பிடுங்கினார். கையுறை என்னிடம் இருந்தது.