வேர்வை போதும் என்றவள்

கொளஞ்சி சித்திக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை. ஃபியூஸ் கட்டைகளின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்து அடுக்க வேண்டும். பக்கத்திலேயே சூளை. பட்டறைக்குப் பின்னால் கருவேலங்காடு இருந்தவரை பெண்கள் சேர்ந்து அங்கே ஒதுங்கினார்கள். காட்டை அழித்து மனை போட்ட பிறகு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: வேலை முடியும்வரை தண்ணீரே குடிப்பதில்லை.

வடக்கே ஊர் ஊராய்த் திரிந்துவிட்டு நான் திரும்பிய கோடை அது.

"இந்தச் சூட்டுல எப்படி சித்தி?"

"உள்ள இருக்கறதெல்லாம் வேர்வையா போயிடுதே. அப்புறம் ஒண்ணுக்கு எதுக்குடி?" என்று சிரித்தாள்.

கத்திரி வெயிலில் ஒருநாள் பட்டறையிலேயே வாந்தி எடுத்துச் சாய்ந்தாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முகம் ஊதியிருந்தது, உடம்பு அனலாய்க் கொதித்தது.

"ஒண்ணுக்குப் போனீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

கட்டிலருகே அவள் மருமகன் விருத்தகிரி நின்றிருந்தார். மருமகன் முன்னால் சித்திக்கு அந்தப் பேச்சு வாயில் வராது.

"காலையில போனேங்க."

டாக்டர் காய்ச்சலுக்கு மருந்து எழுதத் தொடங்கினார். சித்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"மாமா, கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்று அவரைத் தள்ளாத குறையாக அனுப்பினேன்.

"நேத்தியிலேருந்தே வரலங்க" என்றாள் சித்தி.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். ரத்தத்தில் சேரும் நஞ்சைச் சிறுநீரகம் பிரித்து வெளியே தள்ள வேண்டும். பள்ளியில் 'கழிவு நீக்கம்' என்று படித்தது இதைத்தான். தண்ணீர் இல்லாமல் அது நின்றுபோயிருந்தது; அந்த வேலையை வேர்வை செய்யாது.

"சாயங்காலத்துக்குள்ள வரலன்னா பாண்டிச்சேரிக்கு அனுப்பணும். மெஷின் வச்சுதான் ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும்."

கையில் குளுக்கோஸ் ஏறியது. கட்டிலோரம் சிறுநீர்க் குழாயில் தொங்கிய பை காலியாகவே இருந்தது. சித்தி அதை முந்தானையால் மூடினாள். நர்ஸ் விலக்கினாள். மறுபடியும் மூடினாள்.

"நாங்க பாக்கணும்மா. இதுக்குப் போயி வெக்கப்பட்டா உசுரு போயிடும்."

வெயில் சாய்ந்தது. சித்தி உளற ஆரம்பித்தாள். விருத்தகிரி ஆம்புலன்ஸுக்குச் சொல்ல ஓடினார். அப்போதுதான் குழாயில் டீ டிகாக்ஷன் நிறத்தில் ஒரு கோடு இறங்கியது.

"வருது!" என்று நர்ஸ் கத்தினாள். அடுத்த கட்டில்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

சித்தி தேறி உட்கார்ந்ததும் பட்டறையிலிருந்து பானுமதி பார்க்க வந்தாள்.

"தண்ணி குடிங்கடி" என்றாள் சித்தி.

"குடிச்சுட்டு எங்க போறது?"

"மொதலாளி தன் ரூமுக்குப் பின்னால ஒரு கக்கூஸ் பூட்டி வச்சிருக்காருல்ல, அதைத் தொறக்கச் சொல்லு."

"தொறக்கலன்னா?"

"அவரு ரூமு வாசல்லயே எல்லாரும் குந்துவோம்."

பானுமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சித்தி சிரிக்கவில்லை.