பதினாலடிக் கைப்பிடி

எங்கள் வீட்டைக் கட்டிய இன்ஜினியருக்கு நேர்கோடு என்றாலே ஆகாது போலிருக்கிறது. மாமியார் அறையிலிருந்து பாத்ரூமுக்குப் போகும் பின்வராந்தாவைக் கால்வட்டமாக வளைத்து வைத்திருக்கிறார். பால் காய்ச்ச வந்தவர்கள் எல்லாம் ஆகா ஓகோ என்றார்கள். அவர்களுக்கென்ன, சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

இடுப்பு ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து மாமியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பாத்ரூமுக்காச்சும் ஒருத்தர் கையப் புடிக்காம நானாப் போகணும்." நியாயமான ஆசை. சுவரோடு ஸ்டீல் கைப்பிடி வைப்பது என்று முடிவானது.

என் வீட்டுக்காரர் டேப்பின் ஒரு முனையை அறைவாசலில் என்னைப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையைப் பாத்ரூம் வாசலுக்கு விறைப்பாக இழுத்தார். டேப் சுவரைத் தொடவே இல்லை, அந்தரத்தில் நின்றது. "பதினாலடி," என்றார்.

"நீங்க நேரா இழுத்தது வில்லோட நாண். கம்பி வில்லு மாதிரில்ல வளைஞ்சு போகணும்? ஆரம் பத்தடி, மையக்கோணம் தொண்ணூறு டிகிரி. முழு வட்டத்தோட சுற்றளவுல கால் பங்கு. பதினஞ்சே முக்கால் அடி வேணும்."

வருஷம் தவறாமல் பள்ளியில் நான் போர்டில் போடும் கணக்கு.

"பள்ளிக்கூடத்த வீட்டுக்குத் தூக்கிட்டு வராத. வளைஞ்சு போனா என்ன, நேராப் போனா என்ன, அதே ரெண்டு வாசல்தான?" என்றவர், திருமங்கலத்து ஸ்டீல் கடைக்கு அப்போதே போன் போட்டார். "அண்ணே, பதினாலடி போதும்ணே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பி பளபளவென்று வந்து சுவரில் ஏறியது. பாத்ரூம் வாசலுக்கு முன்னால் ஒன்றரை அடிக்கு மேல் வெறும் சுவர். "இம்புட்டுத்தான? ஒரு எட்டு வச்சா கதவு," என்றார் வீட்டுக்காரர். ஒட்டுப்போட அடுத்த வாரம் ஆள் வருமாம்.

மாமியார் கம்பியைப் பிடித்துத் தனியாக நடந்தார். முகத்தில் அப்படியொரு பெருமை. வளைவு முடிவதற்குள் கம்பி தீர்ந்துபோனது. கை வெறும் சுவரைத் தடவியது. நான் கையை நீட்டினேன். கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கணக்கு டீச்சருன்னு பேரு. ஒரு கம்பிய அளந்து சொல்லத் தெரியலையாத்தா உனக்கு?"

வீட்டுக்காரர் வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தார். நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று திரும்பினேன். அதற்குள் மாமியார் என் கையைப் பிடித்துவிட்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயைத் திறந்துவிட்டு அவர் அழுதது எங்கள் இருவருக்கும் கேட்டது.