அம்மாவுக்கென்று வைத்திருந்த சிறுநீரகம்

அம்மா கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். முன்னறையில் விற்பனை, பின்னறையில் அவளும் தண்ணீர் சொட்டும் தேய்ப்புச் சக்கரமும். வட்டமாக வரும் லென்ஸைக் கண்ணாடி ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, பொருத்தித் திருகாணியை முடுக்குவாள். மேலங்கியில் எப்போதும் வெள்ளைச் சேறு. கண்ணாடி கோணலாக இருக்கிறது என்று சண்டைக்கு வருகிறவர்களை அவளிடம்தான் அனுப்புவார்கள். "கண்ணாடி நேராத்தான் சார் இருக்கு. உங்க வலது காதுதான் கொஞ்சம் மேல இருக்கு. அதுக்குத் தகுந்த மாதிரி வளைச்சுத் தரேன்" என்பாள். வந்தவர் காதைத் தடவியபடி போவார்.

ரத்த அழுத்த மாத்திரையை அவள் நிறுத்தியது எங்கள் யாருக்கும் தெரியாது. தலைசுற்றல் நின்றுவிட்டது, அப்புறம் எதற்கு மாத்திரை என்பது அவள் கணக்கு. கால் வீங்கியபோது பெரிய செருப்பு வாங்கிக்கொண்டாள். மருத்துவரிடம் போனபோது சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய போய்விட்டிருந்தன.

டயாலிசிஸுக்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே அதிரும். கடையில் எல்லாரையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். "கைக்குள்ளயே மெஷின் ஓடுது, கரண்ட் பில் கிடையாது."

நான் ஒரே பிள்ளை. ஆலைகளில் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது என் வேலை. எங்கள் மூவருக்கும் ஒரே ரத்தப் பிரிவு, அதுவும் எளிதில் கிடைக்காத பிரிவு. வேறு எதிலுமே ஒத்துப்போகாத புருஷன் பெண்டாட்டிக்கு இதில் மட்டும் எப்படிப் பொருந்தியது என்று அம்மா கேட்பாள். அப்பா பஸ் டிப்போவில் பிரேக் மெக்கானிக். சிறுநீரகம் தர முதலில் அவர்தான் போய் நின்றார். சர்க்கரை நோய் இருப்பதால் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து, நன்றாக இருந்த தண்ணீர்க் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்து நான். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. மருத்துவரிடமே சொன்னாள். "வித்த சாமானைத் திருப்பி வாங்கற வழக்கம் எங்க கடையில இல்ல டாக்டர்." மருத்துவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏற முடியாமல் போன பிறகுதான் அவள் சரி என்றாள்.

சோதனைகள் பல மாதம் நடந்தன. ஸ்கேன், சிறுநீர், இதயம், நுரையீரல். எடை குறைத்தேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லையே என்று ஒரு குழு என்னைத் தனியே உட்காரவைத்துக் கேட்டது. கடைசியில் முக்கியமான சோதனை. என் ரத்த அணுக்களை அம்மாவின் ரத்தநீரில் கலந்து, அவள் உடம்பு என்னை எதிர்க்கிறதா என்று பார்ப்பது. எதிர்க்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.

மருத்துவர் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார். இதற்கிடையில் அம்மாவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவந்தால் முதலில் அவரைக் கேட்க வேண்டும். பிறத்தியார் ரத்தம் உள்ளே போனால் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்ளும். என் சிறுநீரகம் அவளுக்கு ஆகாமல் போகலாம். வீட்டில் இதைப் படம் போட்டு விளக்கினேன். அப்பா கவனமாகக் கேட்டார். பிரேக்கில் அந்நிய எண்ணெய் கலந்த மாதிரியா என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

குறித்த நாளுக்குச் சில தினங்கள் முன்பு ஒரு ரசாயன ஆலையில் வேலை. அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் அம்மா தேய்ப்புச் சக்கரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள். வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து ஹீமோகுளோபின் அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. பக்கத்திலிருந்த சிறிய மருத்துவமனையில் உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். அப்பா எனக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். எங்கள் மருத்துவரின் எண் என் போனில்தான் இருந்தது. அந்தப் பிரிவு ரத்தம் இருப்பில் இல்லை. வெளியே எங்கிருந்தோ வரவழைக்கிறோம் என்றார்கள். வெளி ரத்தம் கூடவே கூடாது என்று அப்பா ஒற்றைக்காலில் நின்று, சட்டைக் கையை மடித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

மாலையில் போனை வாங்கியதும் அவர் குரல்தான் முதலில் கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"பயப்படாதடா. வெளியாள் ரத்தம் ஒரு சொட்டு ஏத்த விடல. எல்லாம் நம்ம ரத்தம்தான்."

வாசல் காவலாளி கையெழுத்துக்கு நீட்டிய பேனாவை வாங்காமல் நின்றிருந்தேன்.

எனக்குள் பாதி அப்பா. என்னைச் சுமந்தபோதே அம்மாவின் உடம்பு அந்தப் பாதியைச் சந்தித்திருக்கிறது. எதிர்த்துப் பழகி, பிறகு மறந்து கிடந்திருக்கிறது. வேறு யார் ரத்தமாக இருந்தாலும் ஒருவேளை தப்பித்திருக்கலாம். உலகத்தில் எந்த மனிதனின் ரத்தம் அவளுக்கு ஏறவே கூடாதோ, அந்த மனிதன் மடித்த சட்டைக் கையோடு அவள் கட்டில் அருகே காவல் உட்கார்ந்திருந்தார்.

மறுபடி சோதித்தார்கள். இந்த முறை அம்மாவின் ரத்தநீர் என் அணுக்களை அழித்தது. மருத்துவர் காரணத்தைச் சொன்னபோது அப்பா மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தார். அம்மா கேட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இத அப்பாகிட்ட சொல்லாத."

"வேற என்னம்மா சொல்றது?"

"உன் கிட்னி எனக்குப் பிடிக்கலையாம்னு சொல்லு. எனக்கு எதுவுமே பிடிக்காதுன்னு அவருக்குத்தான் தெரியுமே."

எதிர்ப்பைக் குறைக்க மருந்து கொடுத்தார்கள், ரத்தநீரை மாற்றினார்கள். எதிர்ப்பின் அளவு இறங்கும், மறுபடி ஏறும். எதையும் அளந்து திருத்திவிடலாம் என்று பழகிய கை என்னுடையது. அந்த எண்ணை நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு குடும்பத்தோடு சிறுநீரகத்தை மாற்றிக்கொள்ளும் பட்டியலிலும் பெயர் கொடுத்தோம். அழைப்பு வரவில்லை. ஒரு டயாலிசிஸின் நடுவே அம்மாவின் இதயம் நின்றது. என் இரண்டு சிறுநீரகங்களும் நன்றாக வேலை செய்கின்றன. போன மாதச் சோதனையும் அதையே சொல்கிறது.

நேற்று அப்பாவும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அன்னிக்கு ஒரு பை ரத்தம்தான்டா எடுத்தாங்க. இன்னொண்ணு எடுத்துக்கோங்கன்னு நான் கேட்டிருக்கணுமோ? கூட ஒண்ணு போயிருந்தா அவளுக்குத் தெம்பு வந்திருக்கும், இல்ல?"

"ஒரு ஆள்கிட்ட ஒரு தடவைக்கு ஒண்ணுதான் எடுப்பாங்கப்பா" என்றேன்.

"அப்படியா" என்றார். சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "இருந்தாலும் கேட்டிருக்கலாம்" என்றார்.